ஹைட்டியின் காலராவும் நாற்பது லட்சம் எழுத்துகளின் சாட்சியமும்

(கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

ஏழை நாடொன்றில் கொள்ளைநோய் மூளும்போது ஆள்வோரின் நாவில் முதலில் வருவது இயற்கையின் பெயர்தான். மழை பொய்த்தது, வெப்பம் மிகுந்தது, மக்களுக்குத் தூய்மைப் பழக்கம் இல்லை என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. நோய் எங்கிருந்து வந்தது, யாருடைய அலட்சியத்தால் வந்தது என்ற கேள்வி எழுமானால், இது குற்றம் தேடும் நேரமன்று என்று பதில் வருகிறது. இத்தகைய பதிலை அறிவியல் எவ்வாறு உடைத்தெறிந்தது, உடைத்த பின்பும் நீதி ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு ஹைட்டி நாட்டின் காலரா வரலாறு தெளிவான சான்றாகும்.

2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபர் மூன்றாம் வாரத்தில், அர்த்திபோனித் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மக்கள் கூட்டம் கூட்டமாகக் கடும் வயிற்றுப்போக்கால் சாயத் தொடங்கினர். அது காலரா என்பதை ஹைட்டியின் தேசிய ஆய்வகம் உறுதி செய்தது. அதற்கு முன் ஒரு நூற்றாண்டுக் காலத்தில் அந்நாட்டில் காலரா கண்டதாகப் பதிவே இல்லை. சில வாரங்களில் நோய் நாடு முழுவதும் பரவிற்று. அடுத்து வந்த ஆண்டுகளில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மடிந்தனர்.

இக்கிருமி எங்கிருந்து வந்தது? கரையோர நீரில் உறங்கிக் கிடந்த கிருமிகள் நிலநடுக்கத்தாலும் வெப்பத்தாலும் விழித்தெழுந்தன என்றது ஒரு தரப்பு. வெளியிலிருந்து மனிதர் வழியாக வந்தது என்றது மறுதரப்பு. மிர்பலே ஊருக்கு அருகில் ஐக்கிய நாடுகள் அமைதிப்படையின் முகாம் ஒன்று இருந்தது. அங்கு நேபாளத்திலிருந்து புதிய படைப்பிரிவு அக்டோபர் இரண்டாம் வாரம் முதல் வந்து சேர்ந்திருந்தது. அதற்குச் சற்று முன்னர்தான் நேபாளத்தில் காலரா பரவியிருந்தது. முகாமின் கழிவு, ஆற்றின் கிளையோடையில் கலக்கிறது என்று சுற்றுப்புற மக்கள் முதல் நாளிலிருந்தே கூறினர். ஐ.நா. அதிகாரிகள் மறுத்தனர். ஏழை மக்களின் கண்கண்ட சாட்சியம் அப்போது எடுபடவில்லை. எடுபடச் செய்தவற்றுள் முதன்மையானது மரபணு வரிசைப்படுத்தல் என்னும் ஆய்வுமுறை.

முத்திரை ஒன்று, குலம் வேறு

காலராக் கிருமியின் பெயர் விப்ரியோ காலரே. இதில் இருநூறுக்கும் மேற்பட்ட ஊநீர் வகைகள் உண்டு. அவற்றுள் ஓ1, ஓ139 என்னும் இரண்டு மட்டுமே பெரும் கொள்ளைநோயை விளைவித்துள்ளன. ஓ1 வகைக்குள்ளும் செவ்வியல் வகை, எல் டோர் வகை எனப் பிரிவுகள் உள்ளன. 1961ஆம் ஆண்டில் இந்தோனேசியாவில் தொடங்கிய ஏழாவது உலகப் பரவல் எல் டோர் வகையினால் நிகழ்ந்தது. அது ஆசியாவைக் கடந்து 1970களில் ஆப்பிரிக்காவையும், 1991இல் பெரு நாட்டின் வழியாகத் தென்னமெரிக்காவையும் அடைந்தது.

ஆய்வகத்தில் ஊநீர் துளியிட்டு ஓ1 என்றும் எல் டோர் என்றும் கண்டறிவது எளிது. ஆனால் அது மேலுறையின் முத்திரையை மட்டுமே காட்டும். முத்திரை இருவகையிலும் ஏமாற்றும். 1992இல் சென்னையிலும் பின்னர் கொல்கத்தாவிலும் வங்கதேசத்திலும் புதியதோர் காலரா பரவியபோது, அது ஓ1 ஊநீருக்குக் கட்டுப்படவில்லை. புத்தம் புதிய கிருமி எனத் தோன்றிய அதற்கு ஓ139 எனப் பெயரிடப்பட்டது. மரபணுவைப் படித்தபோது, அது ஏழாவது பரவலின் எல் டோர் குலத்தில் பிறந்து மேலுறையை மட்டும் மாற்றிக்கொண்ட கிருமி என்பது தெரிந்தது. முத்திரை மாறியிருந்தது, குலம் மாறவில்லை. இதற்கு எதிர்மாறான நிலையும் உண்டு. பெருவில் 1991இல் பரவியதும் ஹைட்டியில் 2010இல் பரவியதும் ஒரே ஓ1 எல் டோர் முத்திரையைத் தாங்கியவை. ஆயினும் அவை நெருங்கிய உறவினர் அல்ல. அருகில் தென்னமெரிக்கா இருக்க, ஹைட்டியின் கிருமி வேறொரு திசையைச் சுட்டியது.

ஏடெழுதுவோரின் பிழையும் கிருமியின் வழிமரபும்

நெருங்கிய உறவுடைய கிருமித் திரிபுகளைப் பிரித்தறிய நெடுங்காலம் பயன்பட்ட முறை ஒன்று உண்டு. கிருமியின் டிஎன்ஏ இழையைக் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் வெட்டும் நொதிகளைக் கொண்டு நறுக்கி, அத்துண்டுகளைக் கூழ்மத்தில் மின்புலத்தால் நகர்த்தி, நீளவாரியாகப் பட்டைகளாகப் பிரிப்பது அம்முறை. இரு நூல்களைப் படிக்காமல், அவற்றில் எத்தனை இயல்கள், ஒவ்வோர் இயலும் எத்தனை பக்கம் என்று மட்டும் எண்ணி ஒப்பிடுவதைப் போன்றது இது. 2010 நவம்பர் தொடக்கத்தில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் இம்முறையில்தான் ஹைட்டியின் கிருமி தெற்காசியக் கிருமிகளை ஒத்திருக்கிறது என அறிவித்தது. ஆனால் தெற்காசியா பரந்த நிலம். அதில் எந்த நாடு, எந்தக் காலம் என்று பட்டைகளால் சொல்ல இயலவில்லை.

அதைச் சொல்ல நூலை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். காலராக் கிருமியின் மரபணுத் தொகுதி இரண்டு குரோமோசோம்களில் அடங்கிய ஏறத்தாழ 40 லட்சம் எழுத்துகளால் ஆனது. எழுத்துகள் நான்கு வகை மட்டுமே: ஏ, சி, ஜி, டி. எல் டோர் கிருமி ஒன்றின் முழு வரிசை 2000ஆம் ஆண்டிலேயே படித்து வெளியிடப்பட்டிருந்தது. அது ஒப்பீட்டுக்கு மூலப்பிரதியாயிற்று.

தமிழ் இலக்கியப் பதிப்பு வரலாற்றை அறிந்தவர்களுக்கு இம்முறை அந்நியமானதன்று. உ.வே.சாமிநாதையர் ஒரே நூலின் பல ஏட்டுச்சுவடிகளைத் தேடித் திரட்டி, சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்தார். ஏடெழுதுவோர் படியெடுக்கும்போது பிழை நேரும். அப்பிழையுள்ள ஏட்டைப் பார்த்து எழுதுபவர் அதையும் சேர்த்தே எழுதுவார். ஆகவே இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே அரிய பிழை இருந்தால், அவை இரண்டும் ஒரே தாய்ச்சுவடியிலிருந்து வந்தவை எனக் கொள்ளலாம். சரியான பாடம் எல்லாச் சுவடிக்கும் பொது. வழிமரபைக் காட்டிக்கொடுப்பது பிழைதான்.

கிருமி இரண்டாகப் பிளந்து பெருகும்போதும் இதுவே நிகழ்கிறது. 40 லட்சம் எழுத்துகளைப் படியெடுக்கையில் எப்போதாவது ஓரெழுத்து மாறுகிறது. மாறிய எழுத்து அதன் வழித்தோன்றல்கள் அனைத்துக்கும் செல்கிறது. ஆய்வாளர்கள் நோயாளிகளிடமிருந்து பெற்ற கிருமியை வளர்த்து, டிஎன்ஏவைப் பிரித்தெடுத்துச் சிறு துண்டுகளாக்கி, எந்திரத்தால் அத்துண்டுகளைப் படிக்கின்றனர். கணினி அவற்றை மூலப்பிரதியோடு பொருத்தி அடுக்குகிறது. எந்திரமும் பிழை செய்யும் என்பதால், ஒவ்வோர் இடமும் பலமுறை படிக்கப்பட்டு, பெரும்பான்மைச் சான்றுள்ள எழுத்தே ஏற்கப்படுகிறது. பின்னர், எந்தெந்தத் திரிபுகள் எந்தெந்த மாற்றங்களைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதைக் கொண்டு ஒரு வழிமரபு மரம் வரையப்படுகிறது.

இதில் ஒரு கவனம் தேவை. பழைய நூல்களில் பிற்காலத்தார் சேர்த்த இடைச்செருகல்கள் உண்டு. கிருமிகளிலும் அவ்வாறே. அவை தம் பெற்றோரிடமிருந்து மட்டுமின்றி, அருகிலுள்ள வேற்றுக் கிருமிகளிடமிருந்தும் நுண்ணுயிர் கொல்லும் வைரஸ்களிடமிருந்தும் மரபணுத் துண்டுகளைப் பெறுகின்றன. காலராவின் நச்சு மரபணுவே ஒரு வைரஸ் வழியாகக் கிருமிக்குள் நுழைந்த செருகல்தான். செருகலைப் பரம்பரைச் சொத்தாக எண்ணினால் மரம் கோணலாகும். எனவே அப்பகுதிகளை விலக்கிவிட்டு, எல்லாத் திரிபுகளுக்கும் பொதுவான மைய நூலை மட்டும் ஒப்பிடுகின்றனர்.

2011ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வு, பல நாடுகளிலிருந்து பல்லாண்டுகளாகத் திரட்டிய 154 காலராத் திரிபுகளை ஒப்பிட்டது. ஏழாவது பரவல் வங்கக் கடற்பகுதியை ஊற்றாகக் கொண்டு மூன்று அலைகளாக உலகெங்கும் பரவியது என அது காட்டியது. இக்கிருமியின் மைய நூலில் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று எழுத்துகள் மாறுகின்றன என்பதும் தெரியவந்தது. இதனால் எழுத்து வேறுபாடு ஒருவகைக் கடிகாரமாயிற்று. இரு திரிபுகள் நூறு எழுத்துகளில் வேறுபட்டால் அவை பிரிந்து பல்லாண்டுகள் ஆயின என்று பொருள். ஓரிரு எழுத்துகளில் மட்டுமே வேறுபட்டால் பிரிவு மிக அண்மையது.

நேபாளத்தின் இருபத்து நான்கு சான்றுகள்

2010 டிசம்பரில் வெளியான முதல் வரிசைப்படுத்தல் ஆய்வு, ஹைட்டியின் கிருமி தென்னமெரிக்கக் கிருமியிலிருந்து விலகியது, வங்கதேசத்தில் 2002, 2008 ஆண்டுகளில் கிடைத்த கிருமிகளோடு ஏறத்தாழ ஒன்றானது எனக் காட்டியது. நேபாளத்தின் கிருமி அந்த ஒப்பீட்டில் இல்லை. ஒப்பிடச் சுவடி இல்லாத இடத்தில் உறவைச் சொல்ல முடியாது. ஐயத்துக்குரிய நாட்டின் சான்று இல்லாதவரை, மறுப்பவர்களுக்கு இடம் இருந்தது.

அந்த இடைவெளியை நிரப்பியது நேபாளத்தின் தேசியப் பொதுச் சுகாதார ஆய்வகம். 2010 ஜூலை இறுதி முதல் நவம்பர் தொடக்கம் வரை நேபாளத்தின் மாவட்டங்களில் கிடைத்த 24 காலராத் திரிபுகள் வரிசைப்படுத்தலுக்கு அளிக்கப்பட்டன. டென்மார்க், அமெரிக்கா, நேபாள ஆய்வாளர்கள் இணைந்து செய்த அந்த ஆய்வு 2011 ஆகஸ்டில் வெளியாயிற்று. 24 திரிபுகளும் நான்கு நெருங்கிய கொத்துகளாகப் பிரிந்தன. அவற்றுள் ஒரு கொத்தில் மூன்று நேபாளத் திரிபுகளும் மூன்று ஹைட்டித் திரிபுகளும் ஒன்றாக அமர்ந்தன. அவற்றுக்கிடையே வேறுபாடு ஓரிரு எழுத்துகள் மட்டுமே. 40 லட்சத்தில் ஓரிரு எழுத்துகள்!

2013இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஹைட்டியில் பல இடங்களிலும் பல மாதங்களிலும் கிடைத்த 23 திரிபுகளைப் படித்தது. அவை அனைத்தும் ஒரே நுழைவிலிருந்து கிளைத்தவை எனவும், அவற்றின் பொது மூதாதை 2010 செப்டம்பர் இறுதியை ஒட்டிய காலத்தது எனவும் கணித்தது. அக்கணிப்பில் சில வாரங்கள் முன்பின்னாக இருக்க இடமுண்டு. ஆயினும் நூறாண்டுகளாகக் கடலில் உறங்கிய கிருமிக்குழு பல கிளைகளாகப் பிரிந்திருக்குமேயன்றி, இவ்வாறு ஒரே இளம் வேரில் கூடாது.

இத்துடன் வழக்கு முடிந்துவிட்டதாகக் கருதக் கூடாது. வரிசைப்படுத்தல் உறவைச் சொல்லும். பயணத்தின் திசையையும் பாதையையும் அது தனித்து நின்று சொல்லாது. நேபாளத்திலிருந்து ஹைட்டிக்கா, மூன்றாவது நாடொன்றிலிருந்து இரண்டுக்குமா என்ற கேள்விக்கு எழுத்துகள் மட்டும் விடையாகா. அந்த விடை மண்ணில் நடந்து திரட்டப்பட்டது. பிரெஞ்சு நோய்ப்பரவல் ஆய்வாளர் ரெனோ பியாரூ 2010 நவம்பரில் ஹைட்டிக்குச் சென்று, ஊர் ஊராக, நாள் நாளாக நோயாளிகளின் கணக்கைப் பதிவு செய்தார். முதல் நோயாளிகள் முகாமுக்கு அருகிலுள்ள மேயீ என்னும் சிற்றூரில் தோன்றினர். அதன் பின்னர் ஆற்றின் கீழ்ப்பகுதி ஊர்களில் நோய் ஒரே வேளையில் வெடித்தது. 1854இல் லண்டனில் ஜான் ஸ்னோ தெருத்தெருவாக இறப்புகளைக் குறித்து ஒரு குடிநீர்க் குழாயைச் சுட்டிக்காட்டியதும் இத்தகைய உழைப்பே. ஆற்றின் ஓட்டம், நாட்களின் வரிசை, எழுத்துகளின் ஒற்றுமை ஆகிய மூன்றும் ஒரே இடத்தைச் சுட்டின. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பியது.

சான்று வந்தது, பொறுப்பு வரவில்லை

ஐ.நா. 2011 ஜனவரியில் நால்வர் கொண்ட வல்லுநர் குழுவை அமைத்தது. கொல்கத்தாவின் தேசியக் காலரா நிறுவனத்தைச் சேர்ந்த இந்திய அறிவியலாளர் ஜி. பாலகிருஷ் நாயர் அதில் ஓர் உறுப்பினர். அக்குழுவின் அறிக்கை 2011 மே மாதம் வெளியாயிற்று. தெற்காசியக் கிருமி மனிதர் செயலால் ஆற்றில் கலந்தது என்பதை ஏற்றுக்கொண்ட அறிக்கை, முகாமின் கழிவுநீர்க் குழாய்களில் இருந்த குறைகளையும், ஒப்பந்த நிறுவனம் கழிவை வேலியற்ற திறந்த குழியில் கொட்டியதையும் பதிவு செய்தது. ஆனால் பல சூழ்நிலைகள் சேர்ந்ததால் நேர்ந்தது, எந்தத் தனிமனிதரோ குழுவோ காரணமல்ல என்று முடித்தது. நேபாளச் சான்றுகள் வெளிவந்த பின்னர், 2013இல் அதே நால்வரும், மிர்பலே முகாமோடு தொடர்புடையவர்களே பெரும்பாலும் நோயின் மூலம் என எழுதினர். புதிய சான்று வந்தபோது முடிவைத் திருத்திக்கொண்ட அவர்களின் நேர்மை பாராட்டுக்குரியது. அத்தகைய நேர்மை ஐ.நா. தலைமையிடம் காணப்படவில்லை.

2011 நவம்பரில் பாதிக்கப்பட்ட 5,000 ஹைட்டியர்களின் சார்பில் இழப்பீடு கோரப்பட்டது. 2013 பிப்ரவரியில் அக்கோரிக்கை ஏற்கத்தக்கதன்று என ஐ.நா. திருப்பியனுப்பியது. நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தபோது, ஐ.நா.வுக்குச் சட்டவிலக்கு உண்டு என அமெரிக்க அரசு வாதிட்டது. 2015இல் வழக்கு தள்ளுபடியாயிற்று. 2016இல் மேல்முறையீடும் தோற்றது. ஆறாண்டுகள் கழித்து, 2016 டிசம்பரில், பொதுச்செயலர் பான் கி மூன் ஹைட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அதுவும் நோய் பரவியபின் போதிய அளவு செயல்படாததற்கான மன்னிப்பே. நோயைக் கொண்டுவந்ததற்கான சட்டப் பொறுப்பை ஏற்பது அன்று. அறிவிக்கப்பட்ட 40 கோடி டாலர் திட்டத்தில் மிகச் சிறு பகுதியே வந்து சேர்ந்தது.

தோழர்களே, இங்கு ஒரு தவறான பாடம் கற்கப்படக் கூடாது. நேபாளப் படைவீரர்களைக் குற்றவாளிகளாக நிறுத்துவது அநீதியாகும். பிழைப்புக்காக அயல்நாட்டுப் பணிக்குச் செல்லும் உழவர் வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். காலராக் கிருமியைத் தாங்குபவர்களில் பெரும்பாலோருக்கு நோய்க்குறி தோன்றுவதில்லை. தம்முள் கிருமி இருப்பதையே அவர்கள் அறியார். நோய் பரவிய நாட்டிலிருந்து படையை அனுப்புகையில் பரிசோதனைக்கோ தடுப்பு மருந்துக்கோ ஏற்பாடு செய்யாததும், ஆயிரக்கணக்கானோர் குடிக்கும் ஆற்றின் மேட்டில் கழிவுக்குழி தோண்ட விட்டதும் நிர்வாகத்தின் பொறுப்பு. கழிவகற்றலைக் குறைந்த செலவில் ஒப்பந்தக்காரரிடம் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வது இந்திய நகரத் தொழிலாளர்களும் நன்கறிந்த ஆட்சிமுறையே.

கிருமி ஒரு முகாமிலிருந்து வந்தது. அது கொள்ளைநோயாக மாறியதற்கு வேறொரு வரலாறு உண்டு. அடிமைகள் புரட்சி செய்து 1804இல் விடுதலை பெற்ற ஹைட்டியிடம், 1825இல் பிரான்சு 15 கோடி பிராங்க் ஈட்டுத்தொகை விதித்தது. அடிமைகளை இழந்த உடைமையாளர்களுக்கு, விடுதலை பெற்ற அடிமைகளே ஈடு கொடுக்க வேண்டியதாயிற்று. அண்மைக் காலத்தில், குடிநீர், கழிவுநீர் வசதிக்காக அமெரிக்கக் கண்ட வளர்ச்சி வங்கி 1998இல் ஒப்புதல் அளித்த 5.4 கோடி டாலர் கடன், அரிஸ்டீட் அரசைப் பணிய வைக்கும் நோக்கில் அமெரிக்க அரசின் தலையீட்டால் முடக்கப்பட்டது. தூய குடிநீர் குழாயில் வந்திருந்தால், ஆற்றில் விழுந்த கிருமி ஓரூரோடு நின்றிருக்கும். 2019 தொடக்கத்துக்குப் பின் மறைந்ததாகக் கருதப்பட்ட காலரா, 2022 அக்டோபரில் ஹைட்டியில் மீண்டும் தோன்றியது. வரிசைப்படுத்தியபோது, அது 2010ஆம் ஆண்டுக் கிருமியின் வழித்தோன்றலே எனத் தெரியவந்தது. குழாய் வராத ஊரில் கிருமி தங்கிவிட்டது.

இந்தியாவுக்கான பாடம்

காலரா ஆராய்ச்சியில் இந்தியாவுக்குத் தனிப் பங்குண்டு. 1884இல் ராபர்ட் கோக் கொல்கத்தாவில்தான் இக்கிருமியைத் தனித்துப் பிரித்து ஆராய்ந்தார். அந்த நகரத்திலேயே 1959இல் சம்பு நாத் டே, எளிய ஆய்வகத்தில், காலரா நச்சின் செயலை நிறுவினார். இந்த மரபு பொது நிறுவனங்களின் மரபு. வரிசைப்படுத்தும் எந்திரம் எவ்வளவு உயர்ந்ததாயினும், மாவட்ட மருத்துவமனையில் நோயாளியின் மலத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பேணி வைக்கும் ஆய்வகப் பணியாளர் இல்லையேல், அதற்குப் படிக்க ஏதும் இராது. ஹைட்டி வழக்கில் முடிவான சான்றைத் தந்தது ஓர் ஏழை நாட்டின் பொது ஆய்வகம் பேணி வைத்த 24 குப்பிகள். அவற்றை மறைக்காமல் உலகின் முன் வைத்த நேபாள அறிவியலாளர்களின் துணிவும் போற்றத்தக்கது.

ஆதலால், இத்துறையில் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. மாவட்டந்தோறும் கிருமி வளர்க்கும் வசதியுள்ள பொதுச் சுகாதார ஆய்வகம் வேண்டும். அங்கு நிரந்தரப் பணியாளர் வேண்டும். காலரா தோன்றும்போது அதை வயிற்றுப்போக்கு என்று பெயர் மாற்றிப் பதிவு செய்யும் வழக்கம் ஒழிய வேண்டும். வரிசைப்படுத்திய தரவுகள் தனியார் சொத்தாகாமல், அரசியல் வசதிக்காக மறைக்கப்படாமல், உடனுக்குடன் வெளியிடப்பட வேண்டும். கழிவுநீர் அகற்றல் ஒப்பந்தக்காரரின் இலாபத்துக்கு விடப்படாமல் உள்ளாட்சியின் நேரடிப் பொறுப்பாக வேண்டும். இவை அனைத்துக்கும் மேலாக, ஒவ்வொரு குடியிருப்புக்கும் தூய குடிநீர் வேண்டும்.

கழிவு ஆற்றில் கலந்தது என்று மேயீ மக்கள் முதல் நாளில் சொன்னதை ஆய்வகம் பத்து மாதங்களில் மெய்ப்பித்தது. அதிகாரம் அதைப் பாதியளவு ஒப்புக்கொள்ள ஆறாண்டுகள் ஆயின. மாண்டவர்களின் குடும்பங்களுக்கு நீதி இன்னும் வந்து சேரவில்லை. அறிவியல் சாட்சி சொல்லும். தீர்ப்பை நிறைவேற்றும் வலிமை மக்கள் இயக்கத்திடமே உள்ளது.